நடக்காததை எழுதச் சொன்னார்கள்

வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலாளி ஆளைத் தேடுவார். முனைவர் பட்டத்தில் கதை தலைகீழ். நம்மை மாணவியாக ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். ‘இவளுக்கு நான் நெறியாளர்’ என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பல்கலைக்கழகம் நம் விண்ணப்பத்தைக் கையால் தொடும். ஒவ்வொரு பேராசிரியருக்கும் இத்தனை இடம்தான் என்று வரையறை வேறு. இடம் இருப்பவர் பதில் போடமாட்டார். பதில் போடுகிறவரிடம் இடம் இருக்காது. இரண்டும் வாய்த்தவரைக் கண்டவர் விண்டதில்லை, விண்டவர் கண்டதில்லை.

பெரிய சிஸ்டர் இந்தக் காட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டின் தலைமை நர்ஸ் அவள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே காய்ச்சல் தானாக இறங்கும் என்பார்கள். ஒருமுறை டாக்டர் கைவிரித்துவிட்டுப் போன கிழவர் ஒருவர், இவள் வந்து “எழுந்திருங்க, விரிப்பு மாத்தணும்” என்றதும் எழுந்து உட்கார்ந்து தலையணையையும் தானே தூக்கிக் கொடுத்ததாக ஒரு வரலாறு உண்டு. அதை நம்பாதவர்கள் யாரும் அந்த வார்டில் வேலை பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஆராய்ச்சி எதற்கு? அதற்கு அவளுடைய அம்மாவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நெஞ்சுச் சளி முற்றி அவள் அம்மா அதே வார்டில் படுத்திருந்தார். உடம்பு தேறி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. டியூட்டி மாறும் நேரத்தில், போகிற நர்ஸ்களும் வருகிற நர்ஸ்களும் வார்டின் கோடியில் உள்ள மேஜையைச் சுற்றிக் கூடுவார்கள். எந்தக் கட்டிலில் யார், என்ன மருந்து, என்ன கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்து ஒப்படைப்பார்கள். அவ்வளவு நேரமும் கட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. அப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான் அம்மா கட்டிலை விட்டு இறங்கி, தரையில் விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் அப்போது மேஜையில் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள்; முதுகு வார்டின் பக்கம். “தண்ணி எடுக்கப் போனேன்” என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவேயில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, தங்கை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “கூப்பிட்டா கேக்கற தூரத்துல நின்னிருக்கியே அக்கா.” அவ்வளவுதான். சண்டை இல்லை, சாபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இருவரும் கல்யாணம், சாவு என்றால்தான் ஒரு வீட்டில் நிற்பார்கள். நின்றாலும் இரண்டு தூண்கள்போல நிற்பார்கள்.

பெரிய சிஸ்டர் அழுது ஓய்கிற ஜாதி இல்லை. நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, அந்த மேஜைக் கூட்டத்தை ஒழித்து, ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் நின்றே டியூட்டியை ஒப்படைக்கும்படி மாற்றினாள். மற்ற ஆஸ்பத்திரிகளில் பழைய வழக்கமே நடந்தது. அதை ஆராய்ச்சியாகச் செய்து உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும் என்றாள். எல்லாரும் மெச்சினார்கள். அவள் மெச்சியது வேறு ஒரு காட்சியை: கனத்த அட்டை போட்ட அந்த ஆய்வேட்டைத் தங்கையின் முன்னால் வைத்து, ‘பார், தப்பு என்னுடையது இல்லை, வழக்கத்தினுடையது’ என்று காட்டுகிற காட்சியை. இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் கேட்காமலே தெரிந்துவைத்திருந்தார்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பேராசிரியர்களுக்கு அவள் எழுதிய முதல் மின்னஞ்சலை அவர்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

‘பெண். திருமணமானவர். முக்கியப் புகார்: ஆராய்ச்சி செய்ய விருப்பம், பல வருடங்களாக. தூக்கம் போதுமானது. பசி சாதாரணம். முன்பு இதற்காக எந்தச் சிகிச்சையும் எடுத்ததில்லை.’

கடைசி வரியை அவள் எழுதவில்லை, அது அவருடைய கைவரிசை. மற்றதெல்லாம் அவளுடையதே.

“இதைப் படிச்சா சீட்டு குடுக்க மாட்டாங்கம்மா. மாத்திரை எழுதிக் குடுப்பாங்க.”

“உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்.”

“பசி சாதாரணம்னு எதுக்கு?”

“கேட்டா சொல்லணும்ல?”

“அவங்க கேக்கலையேம்மா.”

திருத்தி அனுப்பினாள். பதில்கள் வந்தன, வராமலும் இருந்தன. ஒரு பேராசிரியரிடமிருந்து ‘விடுப்பில் இருக்கிறேன், திரும்பியதும் தொடர்புகொள்கிறேன்’ என்று தானியங்கிப் பதில் வந்தது. ஆறு பருவம் மாறியும் அதே பதில் வந்தது. பிறக்கும்போதே விடுப்பில் பிறந்தவர்போல. இன்னொருவர் நேரில் வரச் சொன்னார். போனால், சட்டைக் கையை மடித்து நீட்டி, “வந்ததுதான் வந்தீங்க, பிரஷரைக் கொஞ்சம் பாத்துடுங்களேன்” என்றார். பார்த்தாள். அதிகமாகத்தான் இருந்தது. அவரிடம் இடம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வேறொருவர், “இந்த வயசுல எதுக்கு?” என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு அவள் எழுதிய பதிலைக் கணவர் அனுப்பவிடவில்லை.

வயது என்னவோ உண்மையில் கழுத்தைப் பிடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குக் கொடுக்கும் படிப்பு விடுப்புக்கு ஒரு வயது வரம்பு உண்டு. அந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

அந்த நிலையில்தான் ஒரு பேராசிரியை எழுதினார். ‘ஓர் இடம் இருக்கிறது. இன்னொருவரும் கேட்டிருக்கிறார். ஆய்வுத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.’

பல்கலைக்கழகத்தின் அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி இருந்தது. அதில் ‘பழுது’ என்று எழுதித் தொங்கிய பலகையும் பழுதாகித் தொங்கியது. படியேறினாள். பேராசிரியையின் அறை மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர்கீழே. பார்வையாளர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு யாரோ ஒரு புண்ணியவானின் ஆய்வேட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன்மேல் தன் பாரத்தை முழுதாக இறக்க மனம் வராமல் பெரிய சிஸ்டர் விளிம்பில் உட்கார்ந்தாள். பேராசிரியை அவளைவிட எவ்வளவோ இளையவர். யார் யாரை எப்படி அழைப்பது என்று இருவரும் ஒரு கணம் தடுமாறி, இவள் ‘மேடம்’ என்றும் அவர் ‘சிஸ்டர்’ என்றும் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

பேராசிரியை திட்டத்தைப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

“எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கே சிஸ்டர். நர்ஸ்கள் மேஜையில கூடினாங்க, அதனால விழுந்தாங்க, கட்டிலுக்குப் பக்கத்துல வந்தாங்க, விழறது நின்னுடுச்சு. அவ்வளவும் நடந்துடுச்சு. இனிமே நீங்க இங்க என்ன பண்ணப் போறீங்க?”

“நடந்ததைத்தான் எழுத முடியும் மேடம். எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். மருந்தை உள்ள குடுத்த பிறகுதான் குடுத்தாச்சுன்னு எழுதணும். முன்கூட்டி எழுதி வெச்ச பொண்ணை வேலையை விட்டே அனுப்பியிருக்கேன்.”

“இங்க நடக்காததைத்தான் எழுதணும்.”

“பொய்யா?”

“கேள்வி. உங்களுக்கு என்ன தெரியாதுன்னு எழுதணும். இது திட்டம் இல்ல சிஸ்டர், தீர்ப்பு. முடிவு தெரிஞ்சவங்களுக்கு என்னால நெறியாளரா இருக்க முடியாது. அவங்களுக்கு அச்சாபீஸ் போதும்.”

பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் உயிரைக் காத்த கையால் எழுதியதை அச்சாபீசுக்கு அனுப்பச் சொல்கிறாளே இந்தப் பெண் என்று படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரிடம் முறையிட்டாள். ஆனால் இடம் வேண்டும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து திருத்தினாள். மறுநாள் கணவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“‘நர்ஸ்கள் மேஜையில் கூடியதால்தானே முதியவர்கள் விழுந்தார்கள்?’... ஏம்மா, பழைய வாக்கியத்துக்கே கடைசியில ஒரு கொக்கி மாட்டியிருக்கே.”

“கேள்வியா இருக்கணும்னாங்க.”

“போலீஸ்காரரும் இப்படித்தாம்மா கேப்பாரு. ‘நீதானேடா எடுத்தே?’ன்னு.”

பேராசிரியையும் அதைப் படித்தார். சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, நிமிர்ந்தார்.

“நீங்க சொல்றது தப்பா இருக்கலாம்னு நினைக்கற ஆள் யாராவது இருக்காங்களா சிஸ்டர்? டாக்டரா இருக்கணும்னு இல்ல. யாரா இருந்தாலும் சரி.”

“இருக்கா.”

“அவங்ககிட்டப் போங்க. என்ன நடந்ததுன்னு கேளுங்க. அப்புறம் அவங்க பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை வரக் கூடாது. அவங்க கேள்வி கேட்டாலும் அன்னிக்குப் பதில் சொல்லக் கூடாது. பதிவு பண்ணி, ஒரு சொல் விடாம எழுதிக்கிட்டு வாங்க. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரைக்கும் இடத்தை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன். உங்களால கேக்க முடியுதான்னு எனக்குத் தெரியணும். முடியலைன்னா, இதே இடத்தைக் கேட்டிருக்கற அந்தப் பையனுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்.”

தங்கை திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். துணி உருளைகள் சுவர் முழுக்கச் சாய்ந்து நின்றன. தங்கை கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசிகள். அக்காவைப் பார்த்ததும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்.

“யாரு போயிட்டாங்க?”

“யாரும் போகல.”

“அப்ப கல்யாணமா?”

“இல்லடி.” பெரிய சிஸ்டர் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆராய்ச்சி, இடம், பேராசிரியை போட்ட நிபந்தனை.

“சீட்டு வேணுங்கறதுக்காக வந்திருக்கே.”

“ஆமா.”

“நான் பேசுவேன், நீ வாயைத் திறக்க மாட்டே. நீ.”

“மாட்டேன்.”

“இதுக்காகவே அந்த மேடத்துக்கு ஒரு திரை இலவசமா தைச்சுக் குடுக்கலாம்.” தங்கை தையல் இயந்திரத்தின் மின்விசையை அணைத்தாள். “போனை வை. என்ன கேக்கணுமோ கேளு.”

பெரிய சிஸ்டர் போனைத் துணி வெட்டும் மேஜையில் வைத்து, பதிவை அமுக்கினாள். “அம்மா விழுந்தது ஏன்னு நீ நினைக்கறே?”

தங்கை ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள்.

“தண்ணி எடுக்கப் போனேன்னு அம்மா சொன்னது பொய். தலைமாட்டுலயே செம்பு இருந்தது, நான் ரொப்பி வெச்சது. அம்மா உன்னைப் பாக்கத்தான் இறங்கினா. தினமும் இறங்குவா. உன் டியூட்டி முடியற நேரம் ஆனா கட்டில்ல இருப்புக்கொள்ளாது. ‘அவ கிளம்பறாடி, போயிட்டு வான்னு சொல்லணும்’பா. நீ எல்லாக் கட்டிலையும் பத்தி வாசிச்சு ஒப்படைச்சிட்டு அந்தப் பக்கமா கதவு வழியாவே போயிடுவே. அதனால அம்மா நடந்து வருவா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு நடு வார்டுல தூண் இருக்குதே, அது வரைக்கும் கூட்டிட்டு வருவேன். அதுக்கு மேல வர மாட்டா. ‘எல்லாரும் இருக்காங்க, அவளுக்குக் கௌரவக் குறைச்சல்’னு அங்கேயே நின்னு உன் முதுகைப் பாத்துட்டுத் திரும்பிடுவா. அன்னிக்கு எனக்கு ஒரு ஆபீசுக்குத் திரை மாட்டற வேலை. நான் வரல. தனியா வந்திருக்கா.”

பெரிய சிஸ்டரின் தொண்டை வரை ஒரு வாக்கியம் வந்து நின்றது. எனக்குத் தெரியாது. இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும், இத்தனை வருடத்துக் கணக்கும் தீர்ந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

“ஒரு நாள் நீ திரும்பிப் பாத்தே. எழுதிக்கிட்டே தலையைத் தூக்கி எங்க பக்கம் பாத்து லேசா சிரிச்சே. அம்மாவுக்கு அன்னிக்குத் தலைகால் புரியல. ‘பாத்துட்டா, பாத்துட்டா’ன்னு கட்டிலுக்கு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம்தான் ஒரு நாள்கூட விடாம இறங்க ஆரம்பிச்சா. நீ தெரிஞ்சும் ஏன் ஒரு நாளாவது கட்டில் பக்கம் வந்து சொல்லிட்டுப் போகலன்னுதான் எனக்கு ஆத்திரம். கூப்பிடற தூரம்னு அதைத்தான் சொன்னேன். டியூட்டியைச் சொல்லல, மேஜையைச் சொல்லல.” தங்கை துணியைக் கீழே வைத்தாள். “உனக்குத் தெரியும்ல அக்கா? அம்மா வந்து நிக்கறது?”

வெளியே ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டு, நின்றது. தங்கை காத்திருந்தாள். பெரிய சிஸ்டர் பேசவில்லை. கண் மட்டும் அவள் உத்தரவை மீறியது.

“சரி,” என்றாள் தங்கை கடைசியில். “நல்லாத்தான் கேக்கறே.” மின்விசையைப் போட்டாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

பதிவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதுவது என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வரியை எழுத, அதே வரியை மறுபடி மறுபடி கேட்க வேண்டும். விடுமுறை நாளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பெரிய சிஸ்டர் கேட்டாள். முதலில் கோபமாகக் கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மறுப்பு அவளிடம் தயாராக இருந்தது. ‘ஒரு நாள் நீ திரும்பிப் பாத்தே’ என்ற இடம் வந்தபோது, இல்லவே இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். அதே இடத்தைத் திரும்பக் கேட்டாள். இன்னும் ஒருமுறை. மேஜையில் எழுதும்போது கட்டில்களை எண்ணத் தலையைத் தூக்குவது அவள் வழக்கம்தான். எதிரில் யாராவது தெரிந்தால் சிரிப்பதும் வழக்கம்தான். யாரைப் பார்த்துச் சிரித்தாள்? தூணருகில் யார் நின்றார்கள்? எத்தனை முயன்றும் அந்த நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. தொண்டையில் நின்ற அந்த இரண்டு சொல் எழுதி முடிக்கும்போது அவளிடம் இல்லை. அன்றே சொல்லியிருந்தால் அதை அவள் உண்மை என்றே நம்பியிருப்பாள்.

கணவர் கடையிலிருந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கிண்டலும் செய்யாமல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் பேராசிரியை அந்தத் தாள்களைப் படித்தார். நடுவில் நிமிர்ந்தார்.

“இதுல விழுந்த அம்மா...”

“என் அம்மா. பேசறது என் தங்கை.”

பேராசிரியை மிச்சத்தை மெதுவாகப் படித்தார். படித்து முடித்த பிறகு மன்னிப்புக் கேட்பவர்போல ஏதோ தொடங்கினார். பெரிய சிஸ்டர் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“இந்தக் கடைசிக் கேள்விக்கு?”

“சொல்லக் கூடாதுன்னீங்க. சொல்லல.”

“இப்ப உங்க திட்டத்துல என்ன எழுதுவீங்க?”

“டியூட்டி மாறற நேரத்துல அவங்க கட்டிலை விட்டு எங்க போகக் கிளம்பறாங்கன்னு எழுதுவேன். நாங்க எங்க நின்னோம்னே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் மேடம். நாங்க பக்கத்துல நின்னதால விழறது குறைஞ்சதா, இல்ல போறப்ப ஒரு வார்த்தை சொன்னதால குறைஞ்சதா? அவங்களையே கேக்கணும்.”

“பதில் என்னவா இருக்கும்?”

“அதுக்குத்தானே சீட்டு கேக்கறேன்.”

பேராசிரியை சம்மதத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “உங்க அம்மா விஷயத்தை ஆய்வேட்டோட முதல் பக்கத்துலயே சொல்லிடணும். படிக்கறவங்களுக்கு நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரியணும். முடியுமா?”

“முடியும்.”

“தங்கைகிட்ட அனுமதி வாங்கிக்கங்க.”

அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு அவள் நேராகத் திரைச்சீலைக் கடைக்குத்தான் போனாள். தங்கை ஒரு நீளத் திரையை ஏணியில் நின்று உயர்த்திப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் கேட்காமலே கீழ் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“சீட்டு?”

“கெடைச்ச மாதிரிதான். நேர்காணல் இருக்கு.”

“ம்.”

“அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. இப்ப பதில் சொல்லலாம்.”

திரை அசையாமல் நின்றது.

“தெரியாதுன்னுதான் அன்னிக்குச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, வாயைக் கட்டிட்டாங்க. நான் திரும்பிப் பாத்தது எனக்கு ஞாபகம் இல்லடி. பாத்திருக்கலாம். அம்மாவைப் பாத்தும் நர்ஸாவே இருந்திருக்கலாம். சத்தியமா இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

தங்கை ஏணியிலிருந்து இறங்கினாள். அக்காவிடம் இருந்த முனையை வாங்கி, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, திரையை மடித்து வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று பெரிய சிஸ்டர் தயாராக நின்றாள். அழுதாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

“இப்படி ஒரு பதிலை நீ சொல்லி நான் கேட்டதே இல்ல,” என்றாள் தங்கை. முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். “உக்காரு. அம்மா மொதல் நாள் இறங்கினதுலேருந்து சொல்றேன். அன்னிக்குச் செருப்புகூடப் போடல. எதுக்கும்மா இவ்வளவு அவசரம்னேன். அவ போயிடுவாடின்னா.”